ஓவியத்தின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்: கலை உலகத் துப்பறியும் எபிசோட் எழுதுபவர்களுக்கு

கலை உலகத்தில் நடக்கும் துப்பறியும் எபிசோடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. 38-ஆவது நிமிடத்தில் ஆய்வகத்திலிருந்து போன் வரும். "சார், இது போலி." துப்பறிவாளர் சட்டென்று நிமிர்வார், பின்னணி இசை ஏறும், அடுத்த காட்சியில் கைது. அதுவரை கண் கொட்டாமல் பார்த்தவருக்கு இந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை. அவர் கண்டுபிடித்திருக்கவே முடியாத ஒரு தகவலை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து கதையை முடித்துவைத்துவிட்டார்கள்.

இதற்காக எழுத்து அறையில் நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி இது: ஆய்வக முடிவு எதுவாக இருந்தாலும் முதல் 15 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆய்வகம் சொல்வது பொருளைப் பற்றி மட்டும்தான். யார் செய்தார், எப்போது செய்தார், அதைச் செய்யும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதை அது சொல்லாது. மர்மம் அங்கேதான் இருக்கிறது. அதற்கான தடயங்கள் எல்லாம் பார்வையாளர் கண் முன்னால் ஏற்கெனவே வந்து போயிருக்க வேண்டும்.

முதலில் குற்றம் எது என்று தெளிவாக முடிவு செய்யுங்கள். திருட்டு, போலி ஓவியம், அசலை எடுத்துவிட்டு நகலை வைப்பது, போலி ஆவணம், காப்பீட்டு மோசடி என்று வாய்ப்புகள் பல. 45 நிமிட எபிசோடில் இவற்றில் இரண்டுக்கு மேல் தாங்காது. தொலைக்காட்சிக்கு மிகவும் பொருந்துவது ஆள்மாறாட்டம் போன்ற அந்த மூன்றாவது வகையும், போலி ஆவணமும். காரணம், ஓவியத்தைத் தனியாகக் கையில் எடுக்க வாய்ப்புள்ளவர்கள் எப்போதும் சிலரே: ஃபிரேம் போடுபவர், பழுது பார்க்கும் ரெஸ்டோரர், கேலரிக்காரர், புகைப்படக்காரர், பெட்டியில் அடுக்கி அனுப்புபவர். சந்தேக நபர்களின் பட்டியல் தானாகவே மூடிக்கொள்கிறது. புகழ்பெற்ற ஓவியத்தைத் திருடுவதில் எழுத்தாளருக்கு ஒரு தொல்லை உண்டு. அதை வெளிச்சந்தையில் விற்க முடியாது. 1911 ஆகஸ்ட் 21 அன்று லூவரிலிருந்து மோனா லிசாவை எடுத்துச் சென்ற வின்சென்சோ பெருஜியா இரண்டு ஆண்டுக்கு மேல் அதை வைத்திருந்துவிட்டு, 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸில் விற்க முயன்றபோதுதான் மாட்டினார். ஆனால் அந்த வழக்கில் எழுத்தாளருக்குப் பயன்படும் தகவல் வேறு. அருங்காட்சியக ஓவியங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யும் வேலையில் அவர் இருந்தவர். அந்த ஓவியம் சுவரில் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தொழில் தெரிந்தவனின் கைதான் நல்ல குற்றவாளிக்கு அடையாளம்.

இனி ஓவியத்துக்கு வருவோம். பெரும்பாலான இயக்குநர்கள் முன்பக்கத்தைத்தான் மணிக்கணக்கில் படமெடுப்பார்கள். துப்பறிய வேண்டியவை பின்பக்கத்தில் இருக்கின்றன. கான்வாஸ் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் பொதுவாக இரண்டு சின்ன மர ஆப்புகள், மொத்தம் எட்டு. துணி தொய்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்குவார்கள். ஏழு ஆப்புகள் கருத்து, ஒன்று மட்டும் புது மரமாக வெளுத்திருந்தால் யாரோ அண்மையில் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கான்வாஸை மரத்தோடு பிடித்திருப்பது தலை அகன்ற சின்ன ஆணியா, ஸ்டேப்ளர் பின்னா? பின் அடிக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. 1880 ஓவியத்தில் பின்கள் இருந்தால் உடனே போலி என்று பொருளில்லை, பின்னாளில் யாரோ மறுபடி கட்டியிருக்கலாம். ஆனால் துணியில் பழைய ஆணித்துளைகள் இருந்து, மரத்தில் அவற்றுக்கு நேராகத் துளையே இல்லை என்றால் அந்தத் துணி வேறொரு சட்டத்தில் இருந்தது என்பது உறுதி. இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு க்ளோஸப் போதும்.

முன்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியும் தடயங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்து. பழைய ஓவியத்தில் வண்ணம் வெடித்து மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். ஓவியர் போட்ட கையெழுத்து என்றால் வெடிப்பு அந்தக் கையெழுத்தையும் சேர்த்துப் பிளந்திருக்கும். வெடிப்புக்குள் கையெழுத்தின் வண்ணம் வழிந்து இறங்கியிருந்தால், வெடிப்பு விழுந்த பிறகு போட்ட கையெழுத்து அது. பூதக்கண்ணாடி வழியாக ஒரே ஷாட்டில் சொல்லிவிடலாம், வசனமே தேவையில்லை.

எந்த நிறமி எந்த ஆண்டில் வந்தது என்ற கணக்கு எழுத்தாளர் மேசையில் ஒட்டிவைக்க வேண்டிய விஷயம்; அதற்கு முந்தைய ஓவியத்தில் அந்த நிறமி இருக்க முடியாது. பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோபால்ட் நீலம் 1802. செயற்கை அல்ட்ராமரின் 1820-களின் பிற்பகுதி. டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் வாங்கும் வண்ணமாகக் கடைக்கு வந்தது 1920-ஐ ஒட்டி. தாலோ நீலம் 1930-களின் நடுப்பகுதி. போலி ஓவியங்கள் வரைந்து விற்ற ஜெர்மனியின் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி சிக்கியது இந்தக் கணக்கில்தான். ஜெர்மன் ஓவியர் கம்பென்டோங்க் 1914-இல் வரைந்தது என்று சொல்லி 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போன குதிரை ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அவர் வாங்கிய துத்தநாக வெள்ளை டியூபில் அது கலந்திருந்தது, டியூபின் மேல் அச்சிடப்படவில்லை. டச்சுப் போலி ஓவியர் ஹான் வான் மெகரனின் கணக்கும் இப்படியே. 1675-இல் இறந்த டச்சு ஓவியர் வெர்மீரின் பெயரில் அவர் வரைந்து, நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஓவியத்தில் கோபால்ட் நீலம் இருந்தது.

இந்தக் கணக்கை அப்படியே வசனமாக்கினால் காட்சி செத்துவிடும். உயிர் கொடுக்கும் கேள்வி வேறு: "மாதிரி எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள்?" 1909 ஓவியத்தின் மூலையில் 1950-களில் யாரோ கிழிசலைச் சரிசெய்து வண்ணம் பூசியிருந்தால் அங்கே டைட்டானியம் வெள்ளை இருக்கத்தான் செய்யும். ஓவியம் அசலாகவே இருக்கும். ஆய்வக அறிக்கை பொய் சொல்லவில்லை, அதைப் படித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். பார்வையாளரை நேர்மையாகத் திசைதிருப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆவணங்கள் பக்கம் போனால் கதை இன்னும் செழிக்கும். ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றைச் சந்தையில் ப்ராவெனன்ஸ் என்பார்கள். விலையைத் தூக்கி நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஜான் ட்ரூ என்ற மோசடிக்காரர் போலியாக உருவாக்கியது இந்த வரலாற்றைத்தான். ஜான் மையாட் வரைந்த போலி ஓவியங்களை விற்க, லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடை கொடுத்து உள்ளே இடம் பிடித்தார். அங்கிருந்த கோப்புகளில் போலித் தாள்களைச் செருகிவைத்தார். வாங்குபவர் காப்பகத்துக்குப் போய்ச் சரிபார்த்தால் ஆதாரம் அங்கே காத்திருக்கும். வழக்கு முடிந்து தண்டனை வந்தது 1999-இல். பெல்ட்ராக்கி குடும்பம் இன்னொரு படி போனது. மனைவி தன் பாட்டியைப் போல வேடமிட்டு, பின்னால் போலி ஓவியங்களை மாட்டி, பழைய தாளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக் காட்டினார். ஓவியங்களின் பின்னால் ஒட்டியிருந்த சேகரிப்பாளர் ஃப்ளெக்ட்ஹைமின் பெயர் கொண்ட லேபிள்களும் அவர்களே செய்தவை. புகைப்படம் நேர்மாறாகவும் வேலை செய்யும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலையை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கேலரி வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது கோயிலிலிருந்து களவு போன சிலைதான் அது என்று தெரிந்தது. 2014-இல் அது திரும்பி வந்தது.

காகிதத்தில் தொலைக்காட்சிக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு தடயம் இருக்கிறது. சுமார் 1950-க்குப் பிறகு வந்த பல தாள்களில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். புற ஊதா விளக்கில் அந்தத் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று எரியும். அதற்கு முந்தைய தாள் மங்கலாகவே கிடக்கும். 1928 என்று தேதியிட்ட கடிதம் இருட்டில் ஒளிர்ந்தால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதே விளக்கில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும், வார்னிஷுக்கு மேல் பிற்காலத்தில் பூசிய திருத்தங்கள் கறுப்புத் திட்டுகளாக நிற்கும்.

இவற்றையெல்லாம் எப்படி ஒரு கதையில் கோப்பது? ஒரு எபிசோடைக் கட்டிப் பார்க்கலாம். 1909-இல் வரைந்த ஓவியம் ஒன்று விற்பனைக்கு வருகிறது. அதைச் சரிசெய்துகொண்டிருந்த ரெஸ்டோரர் தன் பட்டறையில் இறந்து கிடக்கிறார். கேலரிக்காரர், வாரிசு, ஃபிரேம் போடுபவர் மூவரும் சந்தேக வட்டத்தில்.

3-ஆவது நிமிடம்: வாரிசின் வீட்டுச் சுவரில் ஓவியம், ஃபிரேமோடு. அவர் ஒரு முறைகூட அதைக் கழற்றியதில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். 6-ஆவது நிமிடம்: பிணம், மேசையில் பஞ்சு, பூதக்கண்ணாடி, கழற்றிய இரண்டு மர ஆப்புகள். 9-ஆவது நிமிடம்: ஓவியத்துக்குப் பெருமை சேர்க்கும் 1928 கடிதம் கண்ணாடிக்குக் கீழே. அதில் ஓவியத்தின் அளவு 50 x 40 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. 13-ஆவது நிமிடம்: டைட்டானியம் வெள்ளை கிடைக்கிறது, எல்லோரும் போலி என்கிறார்கள். 15-ஆவது நிமிடம்: மாதிரி எடுத்தது பழுது பார்த்த மூலையில் என்று தெரிகிறது, வேறு இடத்தில் எடுத்ததில் எதுவும் இல்லை. ஓவியம் அசல்! அப்படியென்றால் ஏன் ஒருவர் சாக வேண்டும்? இங்கே கதை புரண்டு படுக்கும்.

பதில் அளவில் இருக்கிறது. ஃபிரேமின் உள்விளிம்பு ஓவியத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும், ஒவ்வொரு பக்கமும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும்போது அளந்தால் 48.5 x 38.5 வரும். கழற்றி அளந்தால் 50 x 40. ஆனால் 1950-களில் பழுது பார்த்தவர் கான்வாஸைக் கொஞ்சம் சிறிய சட்டத்தில் மறுபடி கட்டியபோது, வண்ணம் பூசிய பகுதியிலேயே 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் மடிந்து பின்னால் போய்விட்டது. ஓவியரின் கையிலிருந்து வந்தபோது அதன் அளவு 52 x 40. 1928-இல் எழுதிய கடிதத்தில் 52 என்றுதான் இருந்திருக்க வேண்டும். 50 என்று எழுதியவர், இப்போதைய ஓவியத்தை ஃபிரேம் இல்லாமல் அளந்தவர். உயிரோடு இருப்பவர்களில் அப்படி அளந்தவர் ஒருவர்தான். கேலரிக்காரரின் ஆய்வுக் குறிப்பு 15-ஆவது நிமிடத்தில் துப்பறிவாளர் மேசையில் திறந்து கிடக்கிறது, அதில் 50 x 40. ஃபிரேம் போடுபவர் இதிலிருந்து எப்படி விலகுகிறார்? ஓவியம் அவரிடம் இன்னும் வந்து சேரவே இல்லை, புது ஃபிரேமின் அளவுக்காக அவர் காத்திருக்கிறார் என்பதை 11-ஆவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கூர்மையான பார்வையாளர் முடிவில் கேள்வி கேட்பார்.

ரெஸ்டோரர் எதைக் கண்டார்? ஆப்பைக் கழற்றிப் பழைய சட்டத்தை நகர்த்தியபோது, மரத்துக்கும் துணிக்கும் நடுவில் வேறொரு சேகரிப்பின் லேபிள். ஓவியம் களவாடப்பட்டது, கடிதம் அந்தக் களவை மறைக்கச் செய்தது. 27-ஆவது நிமிடத்தில் ஓவியத்தைப் புற ஊதா விளக்கில் பார்க்கும்போது, மேசை ஓரத்தில் கடிதமும் கிடக்கட்டும், ஒளிரட்டும். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கேமரா அதன் மேல் நிற்கவும் கூடாது, இரண்டு வினாடி திரையின் ஓரத்தில் இருந்தால் போதும். எடிட்டிங்கில் "இது யாருக்கும் தெரியாதே" என்று பயந்து ஒரு க்ளோஸப் செருகுவார்கள். விடாதீர்கள். 39-ஆவது நிமிடத்தில் துப்பறிவாளர் அதைச் சொல்லும்போது, "நானும் பார்த்தேனே" என்று பார்வையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

திருட்டு எபிசோட் என்றால் இரண்டு குறிப்புகள். கான்வாஸைச் சுருட்டுவதாக இருந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க, அகலமான குழாயில் சுற்றுவதே சரியான முறை. உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு உதிரும். திரையில் பெரும்பாலும் தப்பாகக் காட்டும் இந்த விஷயத்தையே தடயமாக்கலாம்: வெளிப்பக்கமாகச் சுருட்டிய திருடனுக்குத் தொழில் தெரியும். மரப்பலகையில் வரைந்ததைச் சுருட்டவே முடியாது, மோனா லிசா பாப்லர் பலகையில்தான் இருக்கிறது. இரண்டாவது, ஃபிரேமிலிருந்து கான்வாஸை அறுத்து எடுத்தால் ஓரத்துத் துணி சட்டத்திலேயே தங்கிவிடும். 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் போலீஸ் உடையில் நுழைந்தவர்கள் 81 நிமிடத்தில் 13 பொருட்களை எடுத்துச் சென்றார்கள், இரண்டு ரெம்ப்ராண்ட் ஓவியங்களை அப்படி அறுத்தே எடுத்தார்கள். பின்னால் கிடைக்கும் ஓவியம் அதுதானா என்பதை, தங்கிய துணியின் இழைகளோடு பொருத்திப் பார்க்கலாம்.

ஏல அறைக் காட்சியை நீட்டாதீர்கள். சுத்தியல் தட்டி முடிவான விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் கட்ட வேண்டும், விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலை ரகசியம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

படப்பிடிப்புக்கு வந்தால், ஓவியத்தின் நகல்கள் குறைந்தது மூன்று வேண்டும். ஒன்று முன்பக்கக் காட்சிகளுக்கு, ஒன்று பின்பக்கத்துக்கு, ஒன்று அறுக்கவோ கிழிக்கவோ. எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாட்கள் பிடிக்கும், அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பின்பக்க நகலுக்குச் சாயமேற்றாத லினன் துணியை வாங்குங்கள். வெள்ளைவெளேரென்ற பருத்தி கான்வாஸும் பளபளக்கும் பின்களும் நூறாண்டு ஓவியத்தின் பின்னால் தெரிந்தால் எபிசோட் அங்கேயே முடிந்தது. மரத்துக்குத் தண்ணியாகக் கரைத்த பழுப்பு நிறம் பூசி, மூலைகளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேயுங்கள். வெடிப்புகளை ஒரே சீராகப் போடாதீர்கள். கான்வாஸில் வலைபோல விரியும், மரச்சட்டத்தின் உள்விளிம்பு படும் இடத்தில் நேர்கோடாக ஓடும். பலகையில் மரத்தின் இழை போகும் திசையிலேயே ஓடும். ஆப்புகள், லேபிள்கள் எந்த நிலையில் இருந்தன என்று ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் பின்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

புற ஊதாக் காட்சிதான் செட்டில் அதிகம் சொதப்புவது. மலிவான ஊதா எல்இடி விளக்குகள் 395 நானோமீட்டர் பக்கம் எரியும். அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே கொட்டுவதால் ஒளிர்வு அதில் மூழ்கிப் போகும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு ஃபில்டர் போட்ட டார்ச் வேண்டும். லென்ஸில் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர், அறை முழு இருட்டு, நடிகர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கடிதத்துக்குச் சாதாரண பிரிண்டர் தாளே போதும், அது நன்றாக எரியும். ஆனால் பழசாக்குகிறேன் என்று கெட்டித் தேநீரில் ஊறவைத்தால் ஒளிர்வு மங்கிவிடும், லேசாகத் தொட்டுத் துடைத்துச் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் மங்கலாகக் கிடக்க வேண்டிய "உண்மையான" தாள்களுக்கு வெண்மை ரசாயனம் சேர்க்காத பருத்தித் தாள் வாங்க வேண்டும். புது வார்னிஷ் அவ்வளவாக ஒளிராது என்பதால் ஓவியத்தின் பச்சை மினுக்கத்துக்கு ஒளிரும் வண்ணத்தை மெல்லிசாகக் கலக்க வேண்டியிருக்கும். உடை விஷயம் மறந்தே போகும்: சலவைத்தூளிலும் இதே ரசாயனம் உண்டு, வெள்ளைச் சட்டை போட்ட துப்பறிவாளர் கடிதத்தைவிடப் பிரகாசமாக எரிவார். அந்தக் காட்சிக்குக் கறுப்புக் கோட்.

நிஜ ஓவியரின் படைப்பைக் காட்டினால் உரிமை கேட்க வேண்டும். பல நாடுகளில் ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். இறந்து நெடுங்காலமானவரின் ஓவியம் என்றாலும், நீங்கள் பார்த்து நகலெடுக்கும் புகைப்படத்துக்குத் தனி உரிமை இருக்கலாம். இல்லாத ஓவியர் ஒருவரைக் கற்பனை செய்து, புதிதாக வரையச் சொல்வது எல்லா வகையிலும் நல்லது. வரைபவரோடு போடும் ஒப்பந்தத்தில் நகல்கள் படப்பிடிப்புக்குப் பிறகு யாரிடம் போகும், எவை அழிக்கப்படும் என்று எழுதிவிடுங்கள். நிஜ ஓவியத்தின் நகல் என்றால், கான்வாஸை இழுத்துக் கட்டுவதற்கு முன்பே சட்டத்தின் மரம் மறைக்கும் இடத்தில் அழியாத மையால் "படப்பிடிப்பு நகல்" என்றும் ஆண்டும் எழுதி, அதைப் படமெடுத்துக் கோப்பில் சேருங்கள். வெளியே தெரியும் இடத்தில் எழுதினால் பின்பக்க ஷாட் வீணாகும்.